கம்பி முறிச்ச வாத்தியார்

நாற்பதை நெருங்கும் வயதில், கணக்கு வாத்தியாரான நான், ஒருவரைப் பழிவாங்குவதற்காக ஐந்து மாதம் கம்ப்யூட்டர் விளையாட்டில் பூட்டுத் திறக்கப் பழகினேன். அந்த ஒருவர் என் தங்கையின் கணவர், தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர்.

தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, வாளும் மந்திரமுமாக ஓடும் அந்த விளையாட்டில் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். பூட்டுக்குள் கம்பியை விட்டு ஐந்து முளைகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி நிறுத்த வேண்டும்; தவறினால் கம்பி முறியும். நான் பதினெட்டுக் கம்பிகளை முறித்தேன்.

"விடுங்க மச்சான், பெட்டி பயந்துருச்சு" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடுமுறை முடிந்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பெரட்டில் சொன்னது பத்து மணிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்துக்கும் போய்விடும். நான் படிப்பிக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'கம்பி முறிச்ச வாத்தியார்' ஆனது.

சனிக்கிழமைதோறும் ஹட்டன் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தேன். முளை சில தடவை வேகமாகவும் சில தடவை மெதுவாகவும் ஏறும்; மெதுவாக ஏறும் தடவைக்குக் காத்திருந்து, உச்சியில் நிற்கும்போது தட்ட வேண்டும் என்று கண்டுகொண்டேன். ஒவ்வொரு முளையிலும் மச்சானின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

சித்திரை வருடப்பிறப்பன்று அதே வீட்டில், பெரட்டில் சிரித்த ஆறேழு பேர் முன்னால், ஆகக் கடினமான பூட்டை ஒரே கம்பியில் திறந்தேன்.

"இப்ப நீங்க கம்பிய விட்டுத் தொறங்க மச்சான்" என்று மவுஸைத் தள்ளினேன். அவர் அதைத் தொடாமல், முகம் கறுத்து வெளியே போனார். தேநீர் அன்றைக்குத் தனி ருசி.

கோப்பையை எடுக்க வந்த தங்கை சொன்னாள்: "அவருக்கும் அந்தக் கம்பி வேல வராதுண்ணே. பூட்டத் தொறக்க அந்த வெளையாட்டுலயே ஒரு மந்திரம் இருக்கு, அதத்தான் போடுவாரு."