சீமைக் கோழிக்கு வெந்நீர்

ஹாஸ்டலில் எவனோ ஸ்டவ்வைப் பற்றவைத்தான். அந்த மண்ணெண்ணெய் வாடை என்னை இழுத்துக்கொண்டுபோய் வல்லத்திராக்கோட்டையில், எங்கள் கோழிக்கூட்டுக்கு முன்னால் தள்ளிவிட்டது.

பிளாக் ஆபீஸில் ஆறு வெள்ளைச் சீமைக் கோழிகளையும் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்து, கோழி இளைத்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முட்டைக் கனவில் இருந்த அம்மா கோழிகளைப் பார்த்தாள், அப்பா புத்தகத்தைப் பார்த்தார். குளிர்காலத்தில் குடிதண்ணீர் உறைந்துவிடும், அடியில் விளக்கு வைக்கவும் என்று அதில் போட்டிருந்ததால், மார்கழி பிறந்ததும் செங்கல் அடுக்கி, மேலே தண்ணீர்ச் சட்டி, கீழே இரண்டு சிம்னி விளக்கு என்று ஓர் அடுப்பே கட்டிவிட்டார்.

"நம்மூர்ல தண்ணி எங்கங்க ஒறையுது?" என்றாள் அம்மா.

"ஒனக்கென்ன தெரியும்? அச்சடிச்சவன் முட்டாளா?" என்றார் அப்பா.

கோழிகள் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, அலகை நீட்டி, ஆவி பட்டதும் கத்திக்கொண்டு ஓடின. மறுநாளே கொண்டைகள் தொங்கிவிட்டன. அன்றைக்கென்று பார்க்க வந்த ஆபீசர் சட்டியில் விரலை விட்டு உதறினார்.

"என்ன சார், உயிரோடவே கொழம்பு வைக்கிறீங்களா?"

அப்பா பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். வாசித்த ஆபீசருக்கு மார்கழியிலும் வேர்த்தது.

"இத எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் படிக்கல சார். வெளிய சொல்லிடாதீங்க, கோழி இங்கயே இருக்கட்டும்."

அம்மா விளக்குகளை அங்கிட்டு நகர்த்தி, வெந்நீரைக் கொட்டிவிட்டுப் பானைத் தண்ணீரை ஊற்றினாள். ஆறும் முண்டியடித்துக் குனிந்து, வானத்தைப் பார்த்து விழுங்கின.

"படிக்காத ஜென்மங்க," என்றாள் அம்மா, "எப்படிக் குடிக்குது பாருங்க."