விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

பழைய நூலகத்தை இடிக்கப் போகிறார்களாம், சுவர் விரிசல் விட்டு நகர்கிறதாம் என்று முடிதிருத்தும் கடையில் கேட்டுவந்து கணவர் சொன்னார். நகராட்சிக் கட்டட மேற்பார்வையாளரான அவளுக்குச் சுருக்கென்றது. அந்த விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு பதித்து, பதினோரு வருடமாக மாதந்தவறாமல் பார்த்துவருபவள் அவள். சுவர் இம்மி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்.

மறுநாள் நூலகம் ‘ஆபத்தான கட்டடம்’ என்று சான்றளிக்கும் தாளை அதிகாரி நீட்டினார். “கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா உன்னைத் தூக்கி எங்கயாவது போட்டுடுவாங்க.”

“ஒழுகுற கூரையைச் சரிபண்ணச் சொல்லி ஆறு தடவை எழுதினேன், யாரும் அசையல. இப்ப சுவரே சும்மா நிக்குது, நீங்க ஏன் சார் ஆடுறீங்க?”

தாளைத் தொடாமல் நேராக நூலகத்துக்குப் போனாள். கண்ணாடி முழுசாக இருந்தது. துடைத்து, பக்கத்துச் சுவரில் அன்றைய தேதியை எழுதினாள். கைபேசி அலறியது, அதிகாரிதான். அலறட்டும் என்று அடுத்த விரிசலுக்கு ஏணியை நகர்த்தினாள்.