அம்மா நான்காம் பெட் ஆன நாள்

ஷூ கம்பெனியில் ஆடிட் என்றால் என்னவென்று ஆம்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்களின் ஆள் வந்து, தொழிலாளிகளை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். அம்மா வேலை பார்த்த கம்பெனியில் அன்றைக்கு மட்டும் கழிவறையில் சோப்பு இருக்கும். அவசர வழியை அடைத்துக்கொண்டு கிடக்கும் தோல் கட்டுகள் எங்கோ மாயமாகிவிடும். கணக்கில் காட்டாத ஆட்களை பஸ் வைத்து ஏலகிரிக்குச் சுற்றுலா அனுப்பிவிடுவார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்குள்ள ஏரியில் படகு ஏறியது அந்தப் புண்ணியத்தில்தான். மிச்சம் இருப்பவர்களுக்கு, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பாடம் நடக்கும். தலை நரைக்கும் வரை அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாதான் அந்தப் பாடத்தில் எப்போதும் முதல் மாணவி.

போன வருடம் அம்மாவுக்குக் காலில் புண் வந்து சீழ் பிடித்தது. சர்க்கரை வேறு. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். சேர்க்கும்போதே ஒரு விஷயத்தை வாய் வலிக்கச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரு வகை ஊசி மருந்து ஆகாது. முன்பு ஒரு தடவை அதைப் போட்டு நாக்கும் உதடும் வீங்கி, மூச்சு அடைத்து, போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் தலையாட்டினார். நர்ஸ் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பெயர் போய்விட்டது, ஏழாம் பெட் ஆகிவிட்டார். "ஏழாம் பெட் சாப்டாச்சா", "ஏழாம் பெட்டுக்கு சுகர் பாரு" என்றுதான் பேச்சு. நான்காம் பெட்டில் நெஞ்சுச் சளியோடு ஒரு பூக்காரம்மா இருந்தார். அம்மாவுக்கு ஆகாத அதே மருந்தை அவருக்குத் தினமும் காலையில் ஊசியில் போடுவார்கள். அவருக்கு அது நன்றாகவே ஒத்துக்கொண்டது.

ஒரு நாள் விடிந்ததும் வார்டில் அமர்க்களம். லைசென்ஸ் புதுப்பிக்க அரசு அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றார்கள். நோயாளிகள் இங்கே பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் ஆய்வின் நோக்கமாம். மருத்துவமனை மேனேஜர் முன்பு ஒரு ஷூ கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் அதிகாரியாக இருந்தவர். மனுஷனுக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தானே செய்வார்.

அனுமதித்ததைவிட ஜாஸ்தியாகப் போட்டிருந்த கட்டில்கள் மொட்டை மாடிக்கு ஏறின. அவற்றில் படுத்திருந்தவர்களில் நடக்க முடிந்தவர்களை எதிர்ப்புற டீக்கடைக்கு அனுப்பிவைத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயோடு பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள் பாவம். ஏலகிரிக்கு அனுப்ப முடியாதே. மிச்சக் கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டு, சுவரில் இருந்த நம்பரைக் கிழித்து, ஒன்றிலிருந்து வரிசையாகப் புதுசு ஒட்டினார்கள். ஏழாம் பெட்டாக இருந்த அம்மா நான்காம் பெட் ஆனார். பூக்காரம்மா இரண்டு. எல்லார் கையிலும் பெயர்ப்பட்டை கட்டியாயிற்று. பட்டையில் பெயர் எழுதத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

வந்த அதிகாரி ஒரு பெண் டாக்டர். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். கை கழுவும் முறை பற்றிய புதுப் படத்தைச் சுவரில் பார்த்து மகிழ்ந்தார். "ஊசி எப்படிப் போடுறீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு நர்ஸ் முன்னே வந்தாள். விரல் இடுக்கு வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். புதுக் கையுறை மாட்டினாள். ஊசியில் இருந்த காற்றை வெளியே தள்ளினாள். அப்படி ஒரு சுத்தத்தை அந்த ஆஸ்பத்திரியில் நான் அதற்கு முன் கண்டதில்லை. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நர்ஸ் நேராக நான்காம் பெட்டுக்கு வந்தாள். அம்மா கையை நீட்டினார்.

அவள் கொண்டுவந்த தட்டில் காலி மருந்துக் குப்பி கிடந்தது. அதன் மேல் இருந்த பெயரை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"இது யாருக்கு?"

"நாலாம் பெட்டுக்குக்கா."

"இவங்க நேத்து வரைக்கும் ஏழு."

அவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. மேனேஜர் குறுக்கே வந்தார். "ஒண்ணும் இல்ல மேடம், பேஷண்டோட பொண்ணு, கொஞ்சம் டென்ஷன்" என்றார். நான் விடவில்லை. ஊசி ஆகாது என்பதையும், நம்பர் மாறியதையும், மொட்டை மாடியையும், டீக்கடையையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அதிகாரி என்னைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கடைசியில் அம்மா பக்கம் குனிந்தார்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி உங்க பேரு கேப்பாங்களாம்மா?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

"கேப்பாங்க மேடம். தெனம் கேப்பாங்க. ஒரு கொறையும் இல்ல. குடிக்க நல்ல தண்ணி குடுக்குறாங்க. சூப்பர்வைசருங்க மரியாதையா பேசுவாங்க. ஓவர்டைம் கட்டாயம் கெடையாது."

"ஓவர்டைமா?"

"சுகர் மேடம். கொஞ்சம் கொழப்பம்" என்றார் மேனேஜர். அவர் முகத்தில் பழைய வேலையின் பெருமை ஒரு நொடி தெரிந்ததாகவே எனக்குப் பட்டது.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஊசி போடலை. பேஷண்டே கொறை இல்லன்னு சொல்றாங்க. நான் எதை வெச்சும்மா எழுதுறது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, தீயணைப்புக் குழாயைப் பார்க்கப் போனார். அது புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டு, தொட்டால் கையில் ஒட்டுகிற பதத்தில் இருந்தது.

அவர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் கட்டில்கள் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டன. டீக்கடைக்கு அனுப்பப்பட்டவர்கள் குழாயும் கையுமாக ரோட்டைக் கடந்து வந்தார்கள். சுவரில் பழைய நம்பர் ஏறி அம்மா மறுபடியும் ஏழாம் பெட் ஆனார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"செத்திருப்பம்மா நீ."

"தெரியும்டி. எனக்குப் பாட்டில்லதான ஏத்துவாங்க, இன்னாடா இது ஊசி எடுத்துக்கினு வர்றாளேன்னு அப்பவே நெனச்சேன்."

"நெனச்சா கேக்க மாட்டியா? அந்த மேடம் வந்ததே அதுக்குத்தானே?"

வார்டின் மறுகோடியில் அந்த நர்ஸ் பெண் அழுத கண்ணோடு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மேடம் கார் ஏறிப் போய்ட்டாங்க. நாளைக்குக் காலைல எனக்கு மருந்து ஏத்தப்போறது இந்தப் பொண்ணுதான். அவளப் பகைச்சிக்கினு நான் யாருகிட்டப் போய்க் கைய நீட்றது?"