வேண்டுதலும் மேல்முறையீடும்

பட்டாளத்தில் நொறுங்கிய என் முட்டியைப் பார்த்த பிறகும், உழைக்கத் தெம்பிருக்கிறது என்று ஊனமுற்றோர் பென்ஷனை மறுத்துவிட்டார்கள். எரிச்சலோடு மேல்முறையீட்டு மனுவை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கூட வந்த மனைவி சும்மா இருக்கவில்லை.

"பென்ஷன் வந்துட்டா இவரு மலைய சுத்தி நடப்பாருனு வேண்டிக்கிட்டிருக்கேன் சார்."

கிளார்க் பேனாவை மூடினார். "பதினாலு கிலோமீட்டர் நடப்பாரா? அப்புறம் எதுக்குமா பென்ஷன்?"

"வரலைனா நடக்க மாட்டாரு சார்."

"மனுவ வெச்சிட்டுப் போங்க, பாக்கலாம்."

ஒரு வருஷம் இழுத்தடித்துப் பென்ஷன் வந்தது. நடக்க முடியாததால் வேண்டுதலை ஆட்டோவில் நிறைவேற்றினோம். பாதி வழியில், வெறுங்காலோடு நொண்டி வந்த அதே கிளார்க் கைகாட்டி ஆட்டோவை நிறுத்தினார்.

"முட்டி போச்சுங்க. கொஞ்சம் இடம் குடுங்க."

நான் நகரவில்லை.

"மனு எழுதிக் குடுங்க சார், பாக்கலாம்."