நர்ஸம்மாவின் அரை ராத்தல் ரொட்டி

ஈப்போ ஆஸ்பத்திரியில் ஆயுசில் பாதியை நர்ஸாகக் கழித்துவிட்டு, கல்யாணம் கார்த்திகை என்று எதிலும் மாட்டாமல் பாக்கியவதி ஓய்வு பெற்றபோது, அவள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தோழி எஸ்தர் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வருகிற பென்ஷனை இழுத்துப் பிடித்து மலேயாவிலேயே காலம் தள்ளுவது. இன்னொன்று, அப்பா பிறந்த ஊரான எம். புதுப்பட்டிக்குப் போய் ராணி மாதிரி இருப்பது.

ராணி மாதிரி என்பது அவளுடைய சித்தப்பா மகன் ஞானசீலன் சொன்ன வார்த்தை. அவன் விருதுநகரில் கணக்கு வாத்தியார். வீட்டு வாடகை, அரிசி, மண்ணெண்ணெய், வண்ணாருக்குக் கொடுப்பது, மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது வரைக்கும் ஒன்றுவிடாமல் கணக்குப் போட்டிருந்தான். அங்கே ஒரு மாதம் செலவாகும் மலேயா வெள்ளிப் பணத்தில் இங்கே மூன்று மாதம் ஓட்டலாம் என்று அடித்துச் சொன்னான். கணக்கு சரிதான். கணக்கு வாத்தியார்கள் வழக்கமாகச் செய்வதுபோல் மனுஷர்களை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டான்.

பாக்கியவதிக்கு எம். புதுப்பட்டி அசலூர் கூட இல்லை, அசல் தேசம். பிறந்ததே மலேயாவில்தான். ஊரைப் பற்றி அப்பா சொன்னதைக் கேட்டிருக்கிறாளே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. அதனால் முன்ஜாக்கிரதையாக, ஒரு வருஷத்துக்குள் மலேயாவுக்குத் திரும்பலாம் என்ற அனுமதிச் சீட்டை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டுதான் கப்பலேறினாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலும் பஸ்ஸும் மாறி, தகரப் பெட்டிகளோடு புதுப்பட்டியில் வந்து நின்றாள். ஞானசீலன் பார்த்து வைத்திருந்த வீடு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி முத்துப்பேச்சி தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள், புருஷனை இழந்தவள், முழங்கால் வரை தொங்கும் கூந்தல்காரி. அந்தக் கூந்தலைத்தான் பாக்கியவதி முதலில் பார்த்தாள். ஆஸ்பத்திரித் தொப்பிக்குள் அடங்கட்டும் என்று ஆயுசு முழுக்கத் தன் முடியைக் கத்தரித்துக்கொண்டே இருந்தவள், கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தாள்.

எல்லாம் மலிவு. ஞானசீலன் பொய் சொல்லவில்லை. ஆனால் காலையில் ரொட்டி தின்றுதான் பாக்கியவதிக்குப் பழக்கம். இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், அதன்மேல் ஜாம். அது இல்லாவிட்டால் பொழுது விடிந்ததாகவே அவளுக்குத் தோன்றாது. புதுப்பட்டியில் ரொட்டி சுடுவார் கிடையாது. சிவகாசியிலிருந்து வருகிற முதல் பஸ்ஸின் கண்டக்டர் நாகையாவிடம் சொல்லி வைத்தாள். அவர் தினமும் அரை ராத்தல் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் கொடுப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கம்பெனிக் கூட்டம் முழுக்க அதைப் பார்க்கும்.

அவ்வளவுதான். மறுவாரமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் முத்துப்பேச்சி வந்தாள், கையில் இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு. கம்பெனி விட்டு நேராக வந்ததால் கைவிரல்களில் கரிமருந்து ஒட்டியிருந்தது. உட்கார்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "ஒடம்பு எப்படி இருக்கு நர்ஸம்மா?" என்றாள்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நலம் விசாரிப்பு உண்டு, இந்த ஊரில் இப்படிப் போலிருக்கிறது என்று பாக்கியவதி எடுத்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் நர்ஸ் புத்தி வேறு. முழங்கால் வலி உண்டு, சாப்பிட்டதும் நெஞ்சு கொஞ்சம் கரிக்கும், ராத்திரி தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும் என்று எல்லாவற்றையும் சொன்னாள். முத்துப்பேச்சி உச்சுக்கொட்டிக்கொண்டு கேட்டாள்.

அடுத்து வந்தவர்கள் இளநீர் கொண்டுவந்தார்கள். ஒருத்தி கற்கண்டு கொண்டுவந்தாள். நிலபுலன் உள்ள வீட்டு அம்மாள் ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து வைத்தாள். மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் வந்தது. பாக்கியவதி ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். ஆனாலும் அன்போடு வந்ததை எறிய மனமில்லாமல் அதைப் பைபிளுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எல்லாருக்கும் அவள் முழங்காலையும் நெஞ்சுக் கரிப்பையும் சலிக்காமல் சொன்னாள்.

அவள் வளர்ந்த தெருவில், யாராவது எதையாவது கொடுத்தால் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. வந்தவர்களுக்கெல்லாம் டப்பாப் பால் ஊற்றி, சீனியை அள்ளிப் போட்டுக் காப்பி கொடுத்தாள். போகும்போது பிஸ்கட் பொட்டலமோ, சோப்புக்கட்டியோ கையில் வைத்து அனுப்பினாள். சீக்காக இருந்தும் இந்த அம்மாளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று தெரு உருகியது. உருகியவர்கள் மறுபடி வந்தார்கள். அவர்களுக்கும் காப்பி, அவர்கள் கையிலும் பிஸ்கட். ஈப்போவில் ஒரு வருஷத்துக்கு வாங்கும் சீனி புதுப்பட்டியில் ஒரு பங்குனி மாதத்துக்குக் கூடப் போதவில்லை.

சித்திரை லீவில் வந்த ஞானசீலன் செலவைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "அக்கா, இப்படியே போனா மலேயா வெல மட்டுமில்ல, லண்டன் வெல ஆயிரும். எதையாச்சும் கொறைங்க" என்றான்.

எதைக் குறைப்பது? வருகிறவர்களை வராதே என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதைவிட, சொல்ல விருப்பமில்லை. சாயங்காலம் ஆனதும் அந்த வீட்டில் எழும் பேச்சுச் சத்தம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. வார்டில் படுத்திருந்தவர்களைப் பார்க்க வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த உறவுகளை வருஷக்கணக்கில் ஓரமாக நின்று பார்த்தவள் அவள். தனக்கென்று ஆட்கள் வருவது ஆயுசில் இதுதான் முதல் தடவை. ஆகவே தன் கையில் இருந்த ஒரே ஆடம்பரத்தை வெட்டினாள். ஆனி பிறந்ததும் நாகையாவிடம் இனி ரொட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டீக்கடை இட்லிக்கு மாறினாள்.

நாகையாவின் முகம் மலர்ந்தது. ரொம்ப சந்தோஷம்மா, ரொம்ப சந்தோஷம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு விசிலை ஊதினார். ஒரு வியாபாரம் போனதற்கு இவர் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று பாக்கியவதிக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வருவது குறைந்தது. இளநீர் நின்றது, ஆரஞ்சு நின்றது. தெருவில் எதிரே பார்த்தால் சிரித்தார்கள், கும்பிட்டார்கள், ஆனால் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. முத்துப்பேச்சி கூட வாசலோடு நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கம்பெனியில் சீசன் லோடு ஏறுது என்று ஓடிவிட்டாள். சீனி டப்பா நிறைந்தபடியே இருந்தது. பென்ஷன் மிஞ்சியது. ஞானசீலன் போட்ட கணக்கு கடைசியில் அச்சுப் பிசகாமல் வந்துவிட்டது. ராணி மாதிரி இருந்தாள், பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் இல்லாத ராணி.

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ரொட்டியை நிறுத்தியதும் கையில் காசு இல்லை என்று தெரிந்துவிட்டது, அதனால்தான் யாரும் வரவில்லை என்று நினைத்தாள். வந்ததெல்லாம் மலேயாக்காரியின் காப்பிக்கும் பிஸ்கட்டுக்கும்தானா? செலவில்லாத ஊர் வேண்டும் என்று தேடி வந்தவளுக்கு, செலவில்லாத நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈப்போவிலாவது எஸ்தர் இருக்கிறாள். ஆடி நடுவில் ஞானசீலனை வரவழைத்து, அனுமதிச் சீட்டின் கெடு முடிவதற்குள் ஊர் திரும்பக் கப்பலுக்குச் சொல்லிவிடச் சொன்னாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளி முடிந்த மறுநாள் பாக்கியவதி பெட்டிகளைத் துடைத்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தவளுக்கு ஒரு கணம் ஆள் அடையாளம் தெரியவில்லை. முழு மொட்டை. அதில் சந்தனம் பூசியிருந்தது. கீழே முத்துப்பேச்சியின் சிரிப்பு. கையில் ஒரு தூக்குச்சட்டி.

"இருக்கன்குடி மாரியாத்தா கோயிலுக்கு நடந்து போயிட்டு வாறேன் நர்ஸம்மா. பொங்கச்சோறு, நீங்க சாப்புடுவீகளோ என்னமோ. ஆத்தா கொணமாக்கிட்டால்லா, அதான் முடிய எறக்கிட்டு வந்தேன்."

உனக்கு உடம்புக்கு என்ன என்று பாக்கியவதி பதறினாள். முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கா? எனக்கு என்ன கேடு. ஒங்களுக்குத்தான். மாசி மாசமே மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிட்டேம்லா. நித்தம் ரொட்டி திங்கிற அளவுக்குக் கெடந்தீக. லேசுப்பட்ட சீக்குக்கு யாரு தெனம் ரொட்டி குடுப்பா? என்ன சீக்குன்னு கேட்டா மனசு கஷ்டப்படுவீகன்னு தெருவுல ஒருத்தரும் கேக்கல."

பாக்கியவதி பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஊரில் காய்ச்சலில் படுத்தவர்களுக்கு மட்டும்தான் ரொட்டி வாங்குவார்கள். பாலில் நனைத்து ஊட்டுவார்கள். ரொட்டி வருகிற வீடு என்றால் நோயாளி இருக்கிற வீடு. ஆஸ்பத்திரியிலேயே ஆயுசைக் கழித்தவளுக்கு, தான் அரை வருஷமாக நோயாளியாக இருந்தது மட்டும் தெரியவில்லை.

அப்படியானால் பிறகு ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டாள்.

"கொணமான ஆளு வீட்டுல தெனம் போயி எப்படி இருக்கு எப்படி இருக்குன்னு நின்னா, போன சீக்கத் திரும்பக் கூப்புட்ட மாதிரி ஆயிராதா? அம்மனுக்குச் செய்யவேண்டியதச் செஞ்சு முடிக்கட்டும், பெறவு போவோம்னு தெருவே காத்துக் கெடக்கு."

தனக்கு ஒரு சீக்கும் இல்லை, மலேயாவில் ஏகப்பட்ட பேர் காலையில் ரொட்டிதான் தின்கிறார்கள் என்று பாக்கியவதி மெதுவாக எடுத்துச் சொன்னாள். முத்துப்பேச்சி மோவாயில் கைவைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அம்புட்டுப் பேருக்குமா சீக்கு?" என்றாள்.

அதற்குமேல் பாக்கியவதியால் அடக்க முடியவில்லை. சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. எழுந்துபோய் அந்தச் சந்தன மொட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முழங்கால் வரை தொங்கிய கூந்தல். சீசன் நேரத்தில் கூலியை விட்டுவிட்டு, சாத்தூர் வரைக்கும் அதற்கு அப்பாலும் வெயிலில் நடந்து, இல்லாத ஒரு நோய்க்காகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இவளையா காப்பிக்கு வந்தவள் என்று நினைத்தோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"அழாதீக. முடிதான, வளந்துட்டுப் போவுது" என்றாள் முத்துப்பேச்சி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீக்கே இல்லைன்னதும் ஆத்தாட்டப் போயித் திருப்பியா கேக்க முடியும்?" என்றாள்.

பொங்கல் சோற்றை இரண்டு பேரும் ஒரே தட்டில் வைத்துத் தின்றார்கள்.

கப்பலுக்குப் பணம் கட்டுவதற்காக அடுத்த வாரம் ஞானசீலன் வந்தபோது வீட்டுக்குள் கால்வைக்க இடமில்லை. தெருவே உட்கார்ந்திருந்தது. கதை ஊர் பூராவும் பரவி, நர்ஸம்மாவைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஆட்கள் வந்திருந்தார்கள். டப்பாப் பால் காப்பி போய்க் கருப்பட்டிக் காப்பி வந்திருந்தது. வந்தவர்களும் ஆரஞ்சையும் ஹார்லிக்ஸையும் விட்டுவிட்டு, வீட்டில் காய்த்த முருங்கைக்காயும் அவித்த மொச்சையும் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள்தான் எவ்வளவு காசைக் கரைத்திருக்கிறார்கள் என்று பாக்கியவதிக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படியென்றால் யாருக்கும் கையைக் கடிக்காது, பென்ஷனும் தாராளமாகப் போதும் என்று ஞானசீலன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டான்.

கப்பலுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டான்.

"இப்போ எப்படித் தம்பி போறது? முத்துப்பேச்சி முடி வளரட்டும். பின்னிப் பார்த்துட்டுத்தான் கிளம்புவேன்" என்றாள் பாக்கியவதி.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ரொட்டி கொண்டுவரச் சொன்னாள். நாகையா திடுக்கிட்டு, மறுபடியுமா என்று கேட்டு, விவரம் தெரிந்தபிறகுதான் ஒத்துக்கொண்டார். முத்துப்பேச்சிக்கு அந்த ரொட்டியைத் தின்ன ரொம்ப நாள் தைரியம் வரவில்லை. அப்புறம் ஜாம் தடவிய ஒரு துண்டை, மருந்து குடிக்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அடுத்த ஞாயிறு தானாகவே கை நீட்டினாள்.

தை வந்தது. அனுமதிச் சீட்டின் கெடு பாக்கியவதிக்குத் தெரியாமலே முடிந்துபோயிற்று. அவள் அன்றைக்கு யாருக்கோ காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக் கடைசி வெள்ளிக்கும் மறுநாள், கோயிலிலிருந்து வந்த களைப்போடு முத்துப்பேச்சி சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, பாக்கியவதிக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். பாக்கியவதி சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி முடிப்பாள். முதல் வருஷம் அது காதைத் தொட்டது, பின்னலுக்கு எட்டவில்லை. அடுத்து தோளைத் தாண்டியது. கூந்தல் இடுப்பைத் தாண்டித் தரையில் புரளத் தொடங்கிய வருஷத்திலும் முத்துப்பேச்சி திரும்பிப் பார்க்காமல், எப்போதும் கேட்பதையே கேட்டாள்.

"வளந்துட்டா நர்ஸம்மா? கெளம்பிருவீகளா?"

பாக்கியவதி பின்னலைக் கையில் எடுத்து அளந்து பார்த்தாள்.

"எங்கே வளர்ந்தது? இன்னும் நிறைய வளரணும்" என்றாள்.