பருப்பில்லாத மதியங்கள்

என் கணவர் காஞ்சிபுரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஐம்பத்து மூன்று வயதில் கரும்பலகையில் அவர் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போனது. பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. சென்னையில் டாக்டர் பார்கின்சன் நோய், மூளையில் சில செல்கள் செத்துப்போவதால் வருவது என்றார். அது தொண்ணூறுகளின் கடைசி.

வீட்டுக்கு வந்ததும், அந்தச் செல்கள் ஏன் சாகின்றன என்று என் கணவரிடம் கேட்டேன். நான் நறுக்கி வைத்திருந்த கத்திரிக்காயைக் காட்டினார்.

"வெட்டின கத்திரிக்கா காத்து பட்டா கறுத்துப்போவுது இல்ல? அதுமாதிரி உள்ளேயும் ஆக்சிஜன் கெடுக்குதுன்றாங்க. அது மட்டுந்தான் காரணமான்னு யாருக்கும் தெரியாதும்மா."

எனக்கு முதல் பாதியே போதுமாக இருந்தது. அந்தக் கெடுதலைத் தடுக்கும் என்று நம்பி நெல்லிக்காய், முருங்கைக்கீரை, மஞ்சள் என்று தினமும் சமைத்தேன். அவருக்கு வாசனை தெரிவது எப்போதோ நின்றிருந்தது. முகமும் அசைவற்றுப் போயிருந்தது. தட்டு காலியாகும், பிடித்ததா என்று தெரியாது. கேட்டால் அதே முகத்தோடு, நன்றாக இருக்கிறது என்பார். பந்தியில் கை நடுங்கும் என்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினோம். மெல்ல, வீட்டுக்கு யாரும் வருவதும் நின்றுபோனது.

ஒருநாள் நடுக்கத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டு நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதைப் பொடி வாங்கி, அவரிடம் சொல்லாமல் பாலில் கலந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் நாற்காலியில் அவர் உடம்பு நெளிந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. டாக்டரிடம் போய்ப் பொடியைப் பற்றிச் சொன்னேன், அவர் திட்டவில்லை. தான் கொடுத்துவரும் மாத்திரையில் உள்ள மருந்தேதான் அந்த விதையிலும், இரண்டும் சேர்ந்து அளவு மீறிவிட்டது என்றார். காய், பழம் உடம்புக்கு நல்லது, ஆனால் நோயை நிறுத்தும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். புரதம் மருந்தை உள்ளே போகவிடாமல் மறிக்கும்; அதனால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே போட வேண்டும், பருப்பும் பாலும் இரவுக்குத்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னார்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல. நானும் உன்கூட நம்பிக்கினு இருந்திருப்பேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பருப்பை நிறுத்தியதும் மதியங்களில் உடம்பு கொஞ்சம் இளகியது. சட்டைப் பித்தானைத் தானே போட்டுக்கொண்டு தேரடி வரை நடந்தார். கூட வரட்டுமா என்றால் வேண்டாம் என்பார். பிடித்து அழைத்துப் போகப்படுகிறவராகத் தெருவில் தெரிய அவருக்கு விருப்பமில்லை. அவர் முன்னால் சாம்பார் ஊற்றிக்கொள்ள எனக்கு மனம் வராது. அவர் கிளம்பிய பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன். ஆறு வருடம் அப்படித்தான் போனது.

இரவில் அவருக்கும் பருப்பு உண்டு. அந்த நேரத்தில் கை சொன்னபடி கேட்காது. நான் ஊட்டுவேன், அவர் என்னைப் பார்த்தபடியே மெதுவாக மென்றுகொண்டிருப்பார்.