மேசைக்கு அடியில் எழுதிய விதி

போர்க்காலத்தில் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் மீனவர் சங்கம் தொடங்க ஒரு யாப்பு, அதாவது சங்க விதிகள், தேவைப்பட்டது. பட்டணத்தில் குடியியல் படிப்பிக்கிறவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பெரிய எடுப்பில், சுதந்திரம் பெற்ற நம் நாடு அரசியலமைப்பு எழுதிய கதையைச் சொன்னேன். முதலாவதை வெள்ளைக்காரன் தந்துவிட்டுப் போனான். பிறகு நாட்டின் பிரதிநிதிகள் ஒரு மண்டபத்தில் கூடி, கை உயர்த்தி, தாங்களே ஒன்றை எழுதினார்கள்.

அதே முறையில் எங்கள் முதல் விதிக்கும் கை உயர்த்தச் சொன்னேன்: படகு உள்ளவர்களே அங்கத்தவர். எல்லாக் கைகளும் உயர்ந்தன, சண்டையில் படகை இழந்த ஒரு பெண்ணின் கையைத் தவிர. புதுப் படகுக்கான உதவியோ அங்கத்தவருக்கு மட்டும்தான்.

"மாஸ்டர், அந்த மண்டபத்தில கை குறைஞ்ச ஆக்கள் என்ன செய்தவை?" என்று கேட்டார் அவர்.

"எங்கட தமிழ் ஆக்கள் கேட்டது கிடைக்கேல்லை. எழும்பிப் போயிட்டினம்."

"அப்ப நானும் எழும்பிப் போறதோ?"

அந்த நேரம் வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம். எனக்கு முன்பே என் உடம்பு மேசைக்கு அடியில் போய்விட்டது. வேறு ஒருவரும் அசையவில்லை. அது தினமும் துறைமுகத்துக்குப் போவதாம்.

"அது போயிட்டுது, வெளியில வாங்கோ," என்றார் அந்தப் பெண். "உங்கட விதி போகச் சொன்னது என்னை. நீங்கள் ஏன் மாஸ்டர் ஓடுறியள்?"

எல்லோரும் சிரித்தார்கள். வெளியே வர வெட்கமாக இருந்தது. அங்கே இருந்தபடியே கையிலிருந்த தாளில் 'படகு உள்ளவர்களே' என்பதை வெட்டி, 'கடலை நம்பிப் பிழைப்பவர்கள்' என்று எழுதி உரக்க வாசித்தேன். தலையை நீட்டிப் பார்த்தபோது அவருடைய கையும் உயர்ந்திருந்தது.

நாட்டுக்கு எழுதியவர்களையும் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியில் இருத்தியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பதுண்டு.